பெருஞ்சூழலும் சிறுபதிப்பானும்

காமயகவுண்டன்பட்டியில் திராட்சை பயிரிடுவாரை அறிந்தோர்க்கு ஒன்று தெரியும். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலை எவரும் மற்றொரு தோட்டத்திற்குத் தூக்கிச் செல்வதில்லை. புதுத்தோட்டம் வைப்போர் கொண்டு செல்வன, முதிர்ந்த கொடியினின்று வெட்டிய சிறு குச்சிகளே. 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையும் அத்தகைய குச்சியினின்றே தளிர்க்கின்றது. கணினி நிரல் எழுதும் கருவிகளைப்பற்றிக் கூறப் புகுந்த நாம் திராட்சையில் தொடங்குவானேன் எனின், சென்ற விடுமுறையில் அவ்வூரில் எழுந்த ஒரு வினாவே காரணம்.

நம் தம்பி பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் பயில்பவன். அப்பாடத்தில் பைத்தான் என்னும் நிரல்மொழி உண்டு. வீட்டில் கணினி இல்லை. பள்ளியில் ஒன்று, பெரியப்பா இல்லத்தில் ஒன்று, மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் கடையில் ஒன்று என மூன்றிடத்தும் மாறிமாறி எழுதுவான். ஓரிடத்தும் புதிய மென்பொருள் நிறுவ அவனுக்கு உரிமையில்லை. கடைக்கணினியோ, இரவில் நிறுத்தினால் மறுநாள் பழைய நிலைக்கே மீளுமாறு அமைக்கப்பெற்றது. "அண்ணா, எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் வைத்துக்கொண்டு போக முடியாதா?" என்று அவன் வினவினான். முடியும் என்று உடனே விடை கூறிவிட்டோம்; அஃது எவ்வாறென அறிதற்கு நமக்கு இரண்டு நாள் சென்றது.

நிரலாக்கச் சூழல் என்பது ஒரு கருவியன்று, கருவிகளின் குழு. நிரலை எழுதும் பதிப்பான், அதனைப் பொறிமொழியாக்கும் தொகுப்பி, பிழையை நாடும் பிழைநீக்கி, இவற்றை ஒருங்கு நடத்தும் அமைப்பு ஆகிய யாவும் ஒரு கூரையின்கீழ் இருப்பதே அது. 1983-இல் போர்லாண்டு நிறுவனம் வெளியிட்ட டர்போ பாஸ்கலில் பதிப்பானும் தொகுப்பியும் சேர்ந்து நாற்பது கிலோபைட்டுக்குள் அடங்கின. ஒரு நெகிழ்வட்டையே அக்காலத்துப் பென் டிரைவ். அதன் உடன்பிறப்பாகிய டர்போ சி நம் நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் நெடுங்காலம் வீற்றிருந்ததை முன்னாள் மாணவர் பலர் நினைவுகூர்வர். பின்னர்ச் சூழல்கள் பருத்தன. 1997-இல் தோன்றிய விஷுவல் ஸ்டூடியோவின் அண்மைப் பதிப்புகளுக்குச் சாதாரணமாக 20 முதல் 50 கிகாபைட் இடம் வேண்டுமென மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரே கூறுவர். அதனைத் தம்பியின் சட்டைப்பையில் இடுவது யாங்ஙனம்?

ஈண்டு எரிக் காமா என்பார் நினைவிற்கு வருகின்றார். 2001-இல் வெளிவந்த எக்லிப்ஸ் என்னும் பெருஞ்சூழலின் சாவாப் பகுதியை முன்னின்று சமைத்தவர் இவர். 2011-இல் மைக்ரோசாப்டில் சேர்ந்து, உலாவிக்குள்ளேயே இயங்கும் மொனாகோ என்னும் சிறுபதிப்பானை இயற்றத் தலைப்பட்டார். அதினின்று கிளைத்ததே 2015 ஏப்பிரலில் அறிமுகமான விஷுவல் ஸ்டூடியோ கோட். பெயரைக் கண்டு, பெருஞ்சூழலைச் செதுக்கிச் சிறிதாக்கியதே இஃதென்று பலரும் கருதுவர், நாமும் கருதினோம். அன்று. பழைய கொடியைக் கவாத்துச் செய்து பெற்றதன்று, வேறொரு குச்சியை நட்டு வளர்த்தது. பெருஞ்சூழல் ஒன்றைக் கட்டி முடித்தவரே சிறியதற்கு வந்தார் என்பது நமக்கு வியப்பளிக்கின்றது.

சிறியதாயின் மொழியறிவு எங்குச் சென்றது? சொல்லை நிரப்புதல், பிழையைச் சுட்டுதல், ஒரு பெயர் எங்கே வரையறுக்கப்பட்டதெனக் காட்டுதல் முதலியவற்றிற்கு நிரல்மொழியின் இலக்கணம் தெரிந்திருத்தல் வேண்டுமே. இவ்விடத்துத் தமிழ் மாணவர்க்கு ஓர் உவமை எளிதிற் கிட்டும். மூலம் ஒன்று, உரை பல. சேனாவரையர் தொல்காப்பியத்துச் சொல்லதிகாரத்திற்கே உரை வரைந்தார். எழுத்திற்கும் பொருளிற்கும் நாம் பிறரிடம் செல்கின்றோம். அவ்வாறே இப்பதிப்பானில் மொழியறிவு உள்ளே தைக்கப்படவில்லை. ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியே ஓர் உரையாசிரியர் போன்ற நிரல் வெளியே இருக்க, பதிப்பான் அதனிடம் கேட்டு விடை பெறுகின்றது. இவ்வினாவிடைக்குரிய பொது ஒழுங்கே 2016 சூனில் மைக்ரோசாப்ட், ரெட் ஹேட், கோடென்வி ஆகிய மூன்றும் கூடி அறிவித்த மொழிச் சேவையக நெறிமுறை. இதன் பயன் கணக்கினால் விளங்கும். ஐந்து மொழிக்கும் நான்கு பதிப்பானுக்கும் முன்பு இருபது இணைப்புகள் எழுத வேண்டியிருந்தன. இப்பொழுது ஒன்பது போதும். தமிழ்ச்சொற்களாலேயே நிரல் எழுத உதவும் எழில் போன்ற ஒரு மொழிக்கு ஓர் உரைநிரல் எழுதினால், இந்நெறி அறிந்த பதிப்பான்கள் அனைத்திலும் அது பயன்படும். பொருள் வளமில்லாத சிறு மொழிகளுக்கு இதனினும் பெரிய உதவி யாதென நாம் அறியோம்.

நிற்க. இப்பதிப்பான் மெய்யாகவே இலேசானதா? இறக்கும் கோப்பு 200 மெகாபைட்டிற்குட்பட்டது. நிறுவிய பின் 500 மெகாபைட்டிற்குட்பட்டது. பெருஞ்சூழலினும் மிகச் சிறிது. டர்போ பாஸ்கலினும் ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது. எலக்ட்ரான் என்னும் அடித்தளத்தின்மேல் கட்டப்பெற்றமையால், குரோமியம் உலாவியின் பொறி முழுவதையும் தன்னுள்ளே சுமக்கின்றது. இது வீண்சுமை என்பார் பலர். ஆயினும் தமிழர் சிறிது தயங்கிப் பேசுதல் நன்று. 'கொடி' என்பது நமக்கு ஈரெழுத்து. யூனிகோடு முறையில் நான்கு குறியிடங்கள். கொம்பினை முன்னும் காலினைப் பின்னும் அமைத்துக் காட்டும் வேலையை அவ்வுலாவியின் உள்ளிருக்கும் ஆர்ப்பஸ் என்னும் எழுத்துருப் பொறி செய்கின்றது. அடிக்கு இத்தனை கட்டம் என்று ஆங்கில எழுத்தை எண்ணியே செய்த சில சிறுபதிப்பான்களில் தமிழ்க் குறிப்புரை எழுதினால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கக் கண்டோம். ஆகவே அச்சுமையிற் சிறிது நமக்காகவும் சுமக்கப்படுவது.

இனிக் கொண்டுசெல்லும் வழி. நிறுவியைப் பயன்படுத்தலாகாது, சிப் வடிவிலுள்ள கோப்பையே இறக்கி, பென் டிரைவில் விரித்தல் வேண்டும். விரித்த கோப்புறைக்குள், ஆங்கிலச் சிற்றெழுத்துகளால் 'டேட்டா' எனப் பெயரிட்ட வெற்றுக் கோப்புறை ஒன்றை உண்டாக்க வேண்டும். அவ்வளவே. 2018 முதல் இவ்வசதி உண்டு. அக்கோப்புறை இருப்பின், அமைப்புகளும் நீட்சிகளும் கணினியில் தங்காமல் அதனுள்ளேயே தங்கும். புதுப்பதிப்பு தானே வராது. புதிதாக இறக்கி விரித்து, பழைய டேட்டாவை அதனுள் இடுவதே முறை.

நீட்சிகளை அளவோடு கொள்க. சவுலின் கவசத்தைக் களைந்த தாவீது ஆற்றிலிருந்த கற்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போகவில்லை; ஐந்தினைத் தெரிந்தெடுத்தான். நீட்சி ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளாய் இருத்தல் கூடும். மலிவான பென் டிரைவ் அவற்றைப் படித்து முடிப்பதற்குள் கடைக்காரர்க்கு அரைமணி வாடகை ஏறிவிடும்.

தொகுப்பியும் மொழிபெயர்ப்பியும் இதனுள் இல்லை என்பதை மறத்தல் கூடாது. ஓலை இருந்தும் எழுத்தாணி இல்லையெனில் என் செய்வது? பைத்தானைப் பொறுத்தவரை, நிறுவாமலே இயங்கும் சிறு பொதி ஒன்று அம்மொழியின் தளத்திலேயே கிடைக்கின்றது. சுமார் பத்து மெகாபைட்தான். அதனை வேலைக்கோப்புறைக்குள்ளேயே வைத்தோம். காரணம், பென் டிரைவ் ஓரிடத்து 'ஈ' என்றும் மற்றோரிடத்து 'எஃப்' என்றும் பெயர் பெறும். முழுமுகவரி எழுதினால் மறுநாளே பொய்யாகும். வேலைக்கோப்புறையை முதலாகக் கொண்டே வழி குறித்தோம். அப்பொதியோ, நிரற்கோப்பின் பக்கத்தே இருக்கும் மற்றொரு கோப்பைத் தானே தேடுவதில்லை. அதனை அறியாது ஒரு மாலைப்பொழுதை இழந்தோம். அதனோடு வரும் வழிக்கோப்பில் ஒரு வரி சேர்த்தபின் சரியாயிற்று.

தம்பி அதனைக் கடையில் செருகியபொழுது நாமும் உடனிருந்தோம். திறக்க நெடுநேரம் சென்றது. கடைக்காரர் இருமுறை எட்டிப்பார்த்தார். பின்னர்த் திரையில் முதல்நாள் பெரியப்பா இல்லத்தில் அவன் பாதியில் விட்ட நிரல், விட்ட வரியிலேயே நின்றது. அவன் நம்மைத் திரும்பிப் பாராமலே எழுதத் தொடங்கினான்.