கூடத்துக்கு வந்த கொல்லை

சென்ற மாதம் நமது நண்பர் ஒருவருடைய வீட்டுக்குப் போயிருந்தோம். கூடத்தின் நடுவே ஒரு மேஜை. மேஜையின்மேல் கண்ணாடி ஜாடி. ஜாடியிலே ஒரு டஜன் சிவப்பு ரோஜாக்கள். ஆவலுடன் அருகில் சென்று முகர்ந்து பார்த்தோம். தும்மல்தான் வந்தது! அத்தனையும் பிளாஸ்டிக் ரோஜாக்கள். அவற்றின்மேல் படிந்திருந்த தூசி மட்டுமே அசல் சரக்கு.

அதே வீட்டின் கொல்லையிலோ சம்பங்கியும் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தன. நாற்பது வருஷ காலமாக அவற்றை வளர்த்தவர் நண்பருடைய தாயார். இடுப்பெலும்பு முறிந்து, அந்த அம்மாள் இப்போது படுத்த படுக்கையாய் இருக்கிறார். "சம்பங்கி பூத்திருக்கிறதா?" என்று அவர் நம்மைக் கேட்டபோது மனம் என்னவோ செய்தது. தோட்டத்துக்குப் போக முடியாதவரிடம் தோட்டம் வரக் கூடாதா?

இந்த யோசனையைச் சொன்னதும், "சுவாமிக்குச் சாத்தும் புஷ்பத்தைச் சொம்பிலே சொருகுவதாவது!" என்றார் அம்மாள். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமற் போகவில்லை. தமிழருக்கு மலரின்மேல் உள்ள ஆசை இன்று நேற்று வந்ததா? குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கியவர் கபிலர். ஆனால் நாம் பூவைக் கொய்வது பூஜைக்கும் கூந்தலுக்குமே. இரண்டுக்கும் நீண்ட காம்பு வேண்டியதில்லை. ஜாடிக்கோ காம்புதான் ஜீவன்.

ஜப்பானியரின் இகெபானா என்னும் மலர்க்கலையும் பூஜையிலிருந்து வந்ததே. கியோட்டோ நகரத்து ரொக்காக்குதோ கோயிலில் புத்தருக்கு மலர் வைத்து வந்த குருமார்களிடம் வளர்ந்த கலை அது. இதைக் கேட்டபின் அம்மாள் மறுப்புச் சொல்லவில்லை.

மருமகளும் நாமும் கத்தரிக்கோலுடன் கொல்லைக்குப் போனோம். பூ அறுக்க ஏற்ற வேளை விடியற்காலை. அது தவறினால் வெயில் தாழ்ந்த மாலை. நடுப்பகலில் செடியே நீருக்கு ஏங்கி நிற்கும். அறுத்ததும் காம்பை ஒரு வாளி ஜலத்தில் அமிழ்த்தி, நீருக்குள்ளேயே நுனியைச் சாய்வாக மறுபடி நறுக்க வேண்டும். காம்பின் நுண்ணிய குழாய்களில் காற்றுக் குமிழி புகுந்துவிட்டால், பிறகு நீர் ஏறுவது கடினம். ஜலத்துக்குள் அமிழும் இலைகள் அனைத்தையும் உருவிவிட வேண்டும். அவை அழுகினால் கிருமிகள் பெருகிக் காம்பின் வாயை அடைத்துவிடும். தினந்தோறும் ஜலத்தை மாற்றிப் பாத்திரத்தையும் கழுவுவது எந்த மருந்தையும்விட மேலானது.

பாத்திரத்துக்குக் கடைக்குப் போக வேண்டாம். பரணிலே கறுத்துக் கிடக்கும் பித்தளைச் சொம்பைப் புளியிட்டுத் துலக்கினால் போதும். சொம்பின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு மலர்கள் எழும்பி நிற்பது கண்ணுக்கு அழகு. மூன்று, ஐந்து என ஒற்றைப்படையாக வைத்தால் இன்னும் நன்று. பூக்களை நெருக்கித் திணிக்கலாகாது; பஸ்ஸில் பிரயாணம் செய்யும் நம்மைப்போல் அவையும் கசங்கிப் போகும்! மல்லிகை, பவழமல்லி போன்ற குறுங்காம்பு மலர்களை அகன்ற உருளியில் மிதக்க விடலாம். செம்பருத்திக்கு ஒரு பகல்தான் வாழ்வு. அதை ஜலத்தில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் பெரிய வித்தியாசமில்லை.

மின்விசிறிக்கு நேராகவும் வெயிலிலும் பூக்களை வைக்கக் கூடாது. பழத்தட்டுக்குப் பக்கத்திலும் ஆகாது. கனியும் பழத்திலிருந்து எழும் எத்திலீன் வாயு மலர்களைச் சீக்கிரம் வாட்டிவிடும். அரளிப் பூவைக் குழந்தைகள் உள்ள வீட்டில் ஜாடியில் வைக்காமலிருப்பதே உத்தமம். அதன் எல்லாப் பாகங்களிலும் விஷம் உண்டு.

அன்று மாலை மூன்று சம்பங்கித் தண்டுகள் அம்மாளின் கட்டிலருகே வந்து நின்றன. அவர் ஒன்றும் பேசவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஐந்தாம் நாள் மறுபடி போனோம். உள்ளே நுழையும்போதே அவருடைய குரல் கணீரென்று கேட்டது: "அடிப்பூ வாடிவிட்டதே அம்மா, அதைக் கிள்ளிவிடு! சம்பங்கி கீழிருந்து மேலாகத்தான் மலரும். நாளைக்கு மேல்மொட்டு அவிழும், பார்!"

கூடத்து மேஜையைத் திரும்பிப் பார்த்தோம். பிளாஸ்டிக் ரோஜாக்களைக் காணோம்.