‘கம் பேக்’ சொன்னவங்களே ‘கோ பேக்’ சொன்னது ஏன்? ‘இந்தியன் 2’ சறுக்கிய இடம் எது?

‘இந்தியன் 2’ படத்துக்குள்ளேயே ஒரு காட்சி வரும். ‘கம் பேக் இந்தியன்’ என்று ஹேஷ்டேக் போட்டு சேனாபதியை வரவழைத்த அதே மக்கள், கடைசியில் ‘கோ பேக் இந்தியன்’ என்று துரத்துவார்கள். 2024 ஜூலை 12-ம் தேதி படம் வெளியானபோது, அதே கதை படத்துக்கும் நடந்தது. மதியத்துக்குள் சோஷியல் மீடியாவில் வச்சு செஞ்சுட்டாங்க.

‘ஜென்டில்மேன்’, ‘முதல்வன்’, ‘அந்நியன்’, ‘எந்திரன்’ கொடுத்த ஷங்கர். கூடவே கமல்ஹாசன். அப்புறம் எங்கே தப்பு நடந்தது?

ஐந்தரை வருஷம் இழுத்த தயாரிப்பு

படப்பிடிப்பு தொடங்கியது 2019 ஜனவரியில். 2020 பிப்ரவரி 19-ம் தேதி சென்னை அருகே செட்டில் கிரேன் சரிந்து விழுந்து மூன்று பேர் உயிரிழந்தனர். அதன்பின் கொரோனா. பிறகு தயாரிப்பு நிறுவனமான லைகாவுக்கும் ஷங்கருக்கும் சண்டை வந்து விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 2022 ஆகஸ்ட்டில்தான் மீண்டும் கேமரா ஓடியது. விவேக், நெடுமுடி வேணு, மனோபாலா மூவரும் படம் வெளியானபோது உயிருடன் இல்லை.

ஆனால் தாமதம் மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

சேனாபதிக்கு என்ன வலி?

1996-ல் வந்த ‘இந்தியன்’ படத்தை நினைத்துப் பாருங்கள். தீக்காயத்தோடு உயிருக்குப் போராடும் மகள் கஸ்தூரி. லஞ்சம் கொடுக்க மாட்டேன் என்ற அப்பாவின் பிடிவாதம். மகள் போய்விடுகிறாள். அடுத்தது மகன் சந்துரு. அவன் லஞ்சம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுத்த பஸ், பள்ளிக் குழந்தைகளின் உயிரைப் பறிக்கிறது. பெத்த பிள்ளையையே கொல்லும் இடத்துக்கு அந்தக் கிழவர் வந்து நின்றபோது தியேட்டரே உறைந்துபோனது. ஆர்டிஓ ஆபீஸும் ஆஸ்பத்திரியும் நாம் கியூவில் நின்ற இடங்கள். அந்தக் கோபம் நம்ம கோபம்.

இரண்டாம் பாகத்தில் சேனாபதிக்கு இழக்க எதுவும் இல்லை. வர்றார், வர்மத்தால் குத்துறார், வகுப்பு எடுக்கிறார். தங்கத்தில் இழைத்த மாளிகையில் வாழும் கோடீஸ்வரர் செத்தால் படம் பார்ப்பவருக்கு என்ன ஆகப்போகுது? உண்மையான வலி முழுக்க சித்தார்த் பக்கம் போய்விட்டது. லஞ்ச ஒழிப்புத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே லஞ்சம் வாங்கும் அப்பா, அவமானத்தில் உயிரை விடும் அம்மா. படத்திலேயே அழுத்தமான பகுதி இதுதான். ஆனால் அது வருவது ரொம்ப லேட்டாக.

சுஜாதா இல்லாத குறையும் தெரிந்தது. முதல் பாகத்தின் வசனம் அவருடையது. 2008-ல் அவர் மறைந்தார். இந்த முறை ஜெயமோகன், கபிலன் வைரமுத்து, லட்சுமி சரவணகுமார் என மூன்று பேர் வசனம் எழுதியும், சட்டென்று குத்தும் அந்த ஒற்றை வரி கிடைக்கவில்லை.

ஒரு கதை, இரண்டு துண்டு

எல்லாவற்றையும் விடப் பெரிய பிரச்சினை இது. எடுத்த காட்சிகள் நீண்டுவிட்டதால், ஒரு படத்தை ‘இந்தியன் 2’, ‘இந்தியன் 3’ என்று பிரித்தார்கள். பிரித்த பிறகும் முதல் துண்டே மூன்று மணி நேரம். விமர்சனம் கிளம்பியதும் சில நாட்களிலேயே சுமார் 12 நிமிடத்தை வெட்டினார்கள். பலன் இல்லை. ஆகஸ்ட் 9-ம் தேதி, அதாவது சரியாக நான்கே வாரத்தில், படம் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்துவிட்டது.

கடைசியில் காட்டிய ‘இந்தியன் 3’ டிரைலர்தான் படத்தை விட நல்லாருந்தது என்று பலர் சொன்னார்கள். அதில் வந்தது என்ன? சுதந்திரப் போராட்ட காலம், இளம் கமல், காஜல் அகர்வால், அந்தக் குடும்பம் பட்ட பாடு. ரசிகர்கள் மூன்று மணி நேரமாகத் தேடிய சேனாபதியின் சொந்தக் கதை, வெட்டி எடுத்து வைத்த அடுத்த பாகத்தில் இருந்தது.