வானலையில் அனைவர்க்கும் இடம்

வீட்டின் ஓர் அறையில் இருந்தவாறே கடல் கடந்த நாட்டினரோடு உரையாடும் கலை ஒன்று உண்டு. அதனை அமெச்சூர் வானொலி என்பர். அதில் ஈடுபடுவோரை 'ஹாம்' என வழங்குவர். அரசின் தேர்வில் வென்று உரிமம் பெற்றவர், தமக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் செய்தி அனுப்பலாம், பெறலாம். ஊதியம் கருதாத இவர்கள், புயலாலும் வெள்ளத்தாலும் பிற தொடர்புகள் அற்றுப்போன காலத்தில் பேருதவி புரிந்துள்ளனர்.

வானலைக்கு முகம் இல்லை. பேசுபவர் பார்வையற்றவரா, நடக்க இயலாதவரா என்பதைக் கேட்பவர் அறியார். ஆயினும், அவ்வலையைச் சென்றடையும் வழியில் தடைகள் இருந்தன. வீணைக்குச் சுருதி கூட்டுவதுபோல, செய்தி அனுப்பும் கருவியையும் அலைக்கு ஏற்பச் சரிசெய்தல் வேண்டும். அதற்கு அளவுமானியின் முள்ளைப் பார்த்தல் இன்றியமையாதது. பார்வையற்றவர் அம்முள்ளை எங்ஙனம் காண்பார்?

இவ்வினாவிற்கு விடை கண்டோருள் ஒருவர் ராபர்ட் கண்டர்சன். அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரில், பார்வையற்றோர் பயிலும் பள்ளியில் ஆசிரியராய்ப் பணியாற்றியவர், தாமும் பார்வையற்றவர். அவர் வகுத்த முறையில், முள்ளின் பணியை ஒலி செய்யும். குமிழைத் திருப்பத் திருப்ப அவ்வொலி தேய்ந்து, ஓரிடத்தில் முற்றும் மறையும். அப்போது குமிழ் எந்த அளவில் நிற்கிறது என்பதை, அதனைச் சுற்றிப் புடைத்துள்ள பிரெயில் புள்ளிகளை விரலால் தடவி அறியலாம். செவியும் விரலும் கூடிக் கண்ணின் பணியை முடித்தன! இத்தகைய நுட்பங்களைப் பிறரும் அறியுமாறு, 1950களில் அவர் பிரெயில் எழுத்தில் இதழ் ஒன்றும் நடத்தினார்.

ஏனையோர்க்கும் வழிகள் பிறந்தன. மோர்ஸ் குறிகள் புள்ளியும் கோடுமாக அமைந்தவை. கைகளை அசைக்க இயலாதவர் ஒரு குழாயில் ஊதிப் புள்ளியையும், உறிஞ்சிக் கோட்டையும் அனுப்பலாம். செவிப்புலன் இழந்தவர் ஒலிபெருக்கியின்மேல் விரல் வைத்து, அதன் அதிர்வால் குறிகளை உணரலாம். 1967ஆம் ஆண்டில் அந்நாட்டின் மின்னசோட்டா மாநிலத்தில் தோன்றிய 'ஹேண்டிஹாம்' என்னும் அமைப்பு, பாடங்களை ஒலிநாடாவில் பதிந்து அளித்து, உடற்குறையுடையோர் பலரைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்தது. இன்றோ, அலைவரிசையின் எண்ணைத் தாமே உரக்கச் சொல்லும் கருவிகளும் உள்ளன.

இவற்றால் விளங்குவது யாது? கண்டர்சனுக்குத் தடையாய் நின்றது அவர்தம் கண் அன்று. கண்ணுடையார்க்கு மட்டுமே பயன்படுமாறு அமைந்த கருவியே ஆகும். கருவியை மாற்றியதும் தடை அகன்றது. ஆதலின், ஒன்றைச் செய்ய இயலாது வருந்துவாரைக் கண்டால், அவர்பால் இரக்கம் கொள்வதோடு அமைதல் கூடாது. தடை எங்கே உள்ளது என ஆராய்தலும், அதனை நீக்க முயலுதலுமே அறிவுடையார் கடனாகும்.