நந்தினி, ஸ்கார்லெட், ஜானு

மார்கரெட் மிட்செல் எழுதிய 'கான் வித் த விண்ட்' நாவல் 1936இல் வெளிவந்தது. அதன் நாயகி ஸ்கார்லெட் ஓஹாரா. கையெழுத்துப் பிரதியில் அவள் பெயர் அதுவல்ல; பேன்சி. மென்மையான இதழ்களுள்ள ஒரு தோட்டப் பூவின் பெயர் அது. அச்சுக்குப் போகும் முன்புதான் மிட்செல் அதை மாற்றினார். அவளுடைய பிடிவாதத்திலோ பேராசையிலோ துணிச்சலிலோ மாற்றமில்லை. ஆனாலும் எரியும் ஊரிலிருந்து தப்பி, குதிரை வண்டியைத் தானே ஓட்டி வீடு போய்ச் சேருகிறவளை 'பேன்சி' என்று அழைத்துப் பாருங்கள். காது ஒத்துக்கொள்ளாது.

ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்ற கேள்விக்கு நூறாண்டு ஆராய்ச்சி இருக்கிறது. 1929இல் ஜெர்மன் உளவியலாளர் வொல்ஃப்காங் கோலர் இரண்டு கோட்டுருவங்களைக் காட்டினார். ஒன்று வளைவு வளைவாக உருண்டது, மற்றது கூர்முனைகள் கொண்டது. 'தக்கெட்டே', 'பலூமா' என்ற பொருளற்ற இரு சொற்களில் எது எதற்குப் பெயர் என்று கேட்டபோது, தக்கெட்டே கூர்முனைக்கே போய்ச் சேர்ந்தது. 2001இல் மூளை ஆய்வாளர்கள் வி.எஸ்.ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் இதையே 'பூபா', 'கிக்கி' என்ற சொற்களால் மீண்டும் பேசுபொருளாக்கினார்கள். 2022இல் 25 மொழிகள் பேசுவோரிடம் இதை ஒலியாக மட்டும் கேட்கவைத்துச் சோதித்தபோது 100க்கு 72 பதில்கள் எதிர்பார்த்த பக்கமே விழுந்தன. எல்லா மொழியிலும் ஒரே அளவில் இல்லை. ஆனால் எழுத்து வடிவம் வேறு, குடும்பம் வேறு, கண்டம் வேறு என்றிருக்கும் மொழிகளில் இத்தனை ஒற்றுமை தற்செயலாக வராது.

காரணம் பெரும்பாலும் வாயில்தான் இருக்கிறது. க், ட், ப் என்று சொல்லும்போது மூச்சு முழுவதும் அடைபட்டு, பிறகு சட்டென்று வெடித்து வெளியேறுகிறது. ம், ன், ல் சொல்லும்போது ஓசை அறுபடாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. திடீர்த் திருப்பத்தைக் கண் கூர்மையாகப் பார்க்கிறது. காதும் அப்படியே எடுத்துக்கொள்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் புதுமை பாதிதான். கசடதபற வல்லினம், ஙஞணநமன மெல்லினம், யரலவழள இடையினம் என்று பள்ளியில் நாம் ஒப்பிக்கும் பகுப்பு, ஆய்வகங்கள் கண்டடைந்த கோட்டுக்கு வியக்கத்தக்க அளவு நெருங்கி ஓடுகிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்க வேண்டும். 'கனகா'வின் முதல் க வெடிக்கிறது; மெல்லெழுத்தை அடுத்து வரும் 'பூங்குழலி'யின் கு குழைந்துபோகிறது.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் சித்து, பென்னி பெக்ஸ்மன் இருவரும் இதை மனிதப் பெயர்களுக்குக் கொண்டுவந்தார்கள். மோலி போன்ற பெயர்களை உருண்ட நிழலுருவத்தோடும், கேட் போன்றவற்றைக் கூரான நிழலுருவத்தோடும் மக்கள் சேர்த்தார்கள். 2019இல் அந்தக் குழு குணத்துக்குப் போனது. ம, ன, ல நிறைந்த பெயருக்கு உரியவர் இணக்கமானவர், உணர்ச்சி மிக்கவர் என்றும், ப, ட, க போன்ற வெடிப்பொலிப் பெயருக்கு உரியவர் கலகலப்பாக வெளியே பழகுபவர் என்றும் கேட்டவர்கள் ஊகித்தார்கள். அதன் பிறகு குழு செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உண்மையான மனிதர்கள் 1000க்கும் மேற்பட்டோரின் பெயர்களையும் குணங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. எந்தத் தொடர்பும் கிடைக்கவில்லை.

கிடைக்காதது இயல்பே. பிறந்த குழந்தையின் குணத்தை யார் கண்டார்? பெற்றோர் சூட்டுவது தங்கள் ஆசையை. பெண் பெயர் எளிதாக உச்சரிக்கத்தக்கதாக, கடுமையற்றதாக, மனத்துக்கு இனியதாக, நெட்டெழுத்தில் முடிவதாக இருக்கட்டும் என்று மனுஸ்மிருதி விதித்தது. அந்த விதி சொல்வது பெண்களைப் பற்றிய செய்தி அல்ல, அவர்கள் எப்படி இருக்க வேண்டும் என்று சமூகம் விரும்பியது. மென்மையான பெயருள்ள பெண் மென்மையானவள் என்று நம் காது இன்றும் ஊகிப்பதில், அந்தப் பழைய விருப்பத்துக்கும் பங்கு இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கதை எழுதுகிறவருக்கு மட்டும் வேறொரு வசதி. தன் நாயகி யாரைக் காதலிப்பாள், யாரை ஏமாற்றுவாள், எப்படிச் சாவாள் என்பது வரை தெரிந்துகொண்ட பிறகு பெயர் சூட்டலாம். வாசகரின் காது என்ன ஊகிக்கும் என்பதும் அவர் கையிலிருக்கும் கருவிதான். அந்த ஊகத்தை நிறைவேற்றலாம். ஸ்கார்லெட்டில் நடந்தது அது. பொய்யாக்கவும் செய்யலாம். 1950இல் 'கல்கி' இதழில் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னில் குந்தவையும் வானதியும் வரலாற்றில் இருந்தவர்கள். நாவலாசிரியர் கல்கி அவர்களைப் பெயரோடு பெற்றுக்கொண்டார். நந்தினியும் பூங்குழலியும் அவரே பெற்றெடுத்தவர்கள். சோழக் குலத்தையே வேரறுக்க நினைக்கிறவளுக்கு அவர் கொடுத்த பெயரில் வெடிக்கும் ஒலி ஒன்றுகூட இல்லை. நந்தினி: மெல்லெழுத்துகளுக்கு நடுவே வரும் ஒரே தகரமும் முந்தைய நகரத்தில் கரைந்துவிடுகிறது. கடலில் தனியே படகு விடுகிறவளுக்குப் பூவையும் கூந்தலையும் சேர்த்த பெயர். கல்கி இதை எண்ணிச் செய்தாரா என்பது இங்கே பொருட்டல்ல. நந்தினி என்ற பெயரின் குழைவுக்கும் அவள் செயலுக்கும் நடுவே உள்ள தூரத்தில்தான் வாசகருக்கு அச்சம் பிறக்கிறது. நல்லவளுக்கு மெல்லினம், கெட்டவளுக்கு வல்லினம் என்று பங்கிடுகிறவர்களுக்கு இந்த அச்சம் கைகூடாது.

முழுப்பெயர் பாதிதான். வீட்டில் நாயகியை யாரும் அப்படி அழைக்கப்போவதில்லை. செல்லப்பெயர் விருப்பம்போலச் சுருங்குவதாகத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு மொழியும் அதற்கு ஓர் அச்சு வைத்திருக்கிறது. ஜப்பானியத்தில் 'சான்' என்ற விகுதிக்கு முன் வரும் பகுதி பெரும்பாலும் இரண்டு மாத்திரைகளால் அளக்கப்படும். மிதொரி என்ற பெண் மிதொச்சான் ஆகலாம், மீச்சான் ஆகலாம். இரண்டு குறிலோ ஒரு நெடிலோ, அளவு அதேதான். 1990இல் மொழியியலாளர் வில்லியம் போசர் இதை விரிவாக விளக்கினார்.

நம் செல்லப்பெயர்களை அப்படி அளக்க நமக்கு யாப்பின் அசைக் கணக்கு இருக்கிறது. தனிக் குறிலோ நெடிலோ நேரசை; இரு குறிலோ, குறிலும் நெடிலுமோ இணைந்தால் நிரையசை; பின்வரும் ஒற்று கணக்கில்லை. நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நேர் நிரை கூவிளம், நிரை நிரை கருவிளம்; மாவோடு இன்னொரு நேர் சேர்ந்தால் காய். ஜானகி, கோமதி, பார்வதி மூன்றும் கூவிளம். ஜானு, கோமு, பாரு மூன்றும் தேமா. சரஸ்வதி கருவிளம், சரசு புளிமா. மீனாட்சி தேமாங்காய், மீனா தேமா. அலமேலு புளிமாங்காய், அலமு புளிமா. விளத்தில் முடிந்தாலும் காயில் முடிந்தாலும் நாக்கு அதை மாச்சீருக்குக் கொண்டுவந்து, கடைசியில் ஒரு தனி நேரசையோடு நிறுத்துகிறது. முதலசையின் எடையை மட்டும் தொடுவதில்லை: நேரில் தொடங்கியது நேரிலும், நிரையில் தொடங்கியது நிரையிலும் தொடங்குகிறது. யாப்பே அறியாத பாட்டிகள் செய்த வேலை இது! லலிதா 'லலி'யாகி ஒற்றை நிரையோடு நிற்பது போன்ற விலக்குகளும் உண்டு. ஆனால் இந்த வடிவத்துக்குள் அடங்காத செல்லப்பெயரை ஒரு கதாபாத்திரத்துக்குக் கொடுத்தால், அது ஊர்க்காரர்கள் கூப்பிட்டுத் தேய்ந்ததாக இல்லாமல் எழுத்தாளர் மேசையில் செய்ததாக ஒலிக்கும்.

வடிவத்தைவிடப் பெரிது, யார் அழைக்கிறார்கள் என்பது. ஜேன் ஆஸ்டினின் எலிசபெத் பென்னட் பெற்றோருக்கும் அக்காவுக்கும் லிஸி. தோழி ஷார்லட்டுக்கு எலைஸா. இதை எல்லாரையும்விட ஆழமாகச் செய்தவர் டால்ஸ்டாய். 'புத்துயிர்ப்பு' நாவலின் கத்தரீனா மாஸ்லவா, திருமணமாகாத பண்ணையாள் பெண் ஒருத்தியின் மகள். நிலக்கிழார்களான இரு சகோதரிகளிடம் வளர்கிறாள். ஒருத்திக்கு அவளைப் படிக்கவைத்துப் பண்பான பெண்ணாக்க ஆசை. மற்றவளுக்கு நல்ல வேலைக்காரி வேண்டும். இப்படிப் பாதி வேலைக்காரி, பாதி வளர்ப்பு மகள் என்று வளர்ந்ததால், கொச்சையான கத்கா என்றும் அழைக்காமல், கொஞ்சலான கத்தென்கா என்றும் அழைக்காமல், நடுவிலுள்ள கத்யூஷா என்று அழைத்தார்கள் என டால்ஸ்டாயே நின்று விளக்குகிறார். பல ஆண்டு கழித்துக் குற்றவாளிக் கூண்டில் பெயர் கேட்கும்போது அவள் சொல்வது வேறொரு பெயர், லுபோவ். விலைமகளிர் இல்லத்தில் அவளுக்கு வாய்த்த பெயர் அது. சாதியும் வர்க்கமும் மனிதரை எங்கே நிறுத்துகின்றன என்பதை விளக்கப் பல பக்கங்கள் செலவழிக்கலாம். அவர் பெயரின் விகுதியிலேயே அதை வைத்துவிட்டார்.

நம் வீடுகளிலும் அதற்கு ஈடான ஓர் ஏற்பாடு உண்டு. தமிழகத்தின் பல குடும்பங்களில் மூத்த பேத்திக்கு அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயரை வைப்பார்கள். ஆனால் மருமகள் மாமியார் பெயரைச் சொல்லக் கூடாது. ஆகவே, பெற்ற மகளையே பெயர் சொல்லி அழைக்க முடியாத தாய் அவளைப் பாப்பா என்பாள், அம்மாளு என்பாள், ராசாத்தி என்பாள். அந்தப் பெண் பேரன் பேத்தி எடுத்த பிறகும் ஊரில் பாப்பாவாகவே இருப்பாள். தென்னாப்பிரிக்காவில் ஸூலு, கோசா மொழி பேசும் மக்களின் 'ஹ்லோனிபா' வழக்கம் இன்னும் கடுமையானது. மணமான பெண் மாமனாரின் பெயரை மட்டுமல்ல, அப்பெயரின் அசைகள் வரும் மற்றச் சொற்களையும் தவிர்த்து, மாற்றுச் சொல் கண்டுபிடிக்க வேண்டும். அம்மொழிகளில் இன்றுள்ள சொடுக்கொலிகள், அண்டை மக்களின் மொழிகளிலிருந்து இந்த மாற்றுச் சொற்கள் வழியாகவே பெருமளவு நுழைந்திருக்க வேண்டும் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து.

ஆகவே ஒரு தமிழ்ப் பெண்ணைக் கதைக்குள் கொண்டுவருகிறவருக்கு ஒரு பெயர் போதாது. பள்ளிப் பதிவேட்டில் அவள் விசாலாட்சி, அத்தைக்கு, தன் அம்மாவின் பெயர் என்பதால், பெருமையோடு விசாலம், தோழிகளுக்கு விசாலி, அம்மாவுக்கு என்றைக்கும் பாப்பா. பாட்டியும் பேத்தியும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கையில் வாசலிலிருந்து ஒரு குரல் 'விசாலம்' என்று அழைத்தால், யார் திரும்பிப் பார்க்கிறார்கள், அடுப்படியில் நிற்கும் மருமகள் அந்தப் பெயரை எப்படிக் கேட்டுக்கொள்கிறாள் என்று எழுதத் தொடங்கலாம்.