எரிபொருள் அழுத்தமானி: நாமே செய்யலாம்!

(இறுதியாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு)



கார்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் வருகிறதா என்று பார்க்க ஒரு ஸ்பேனர் போதும். பைப்பைக் கழற்றி, செல்ஃப் அடித்து, பெட்ரோல் விழுகிறதா என்று பார்த்தால் தீர்ந்தது. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் அந்தப் பழக்கம் ஆபத்து, பிரயோஜனமும் இல்லை. இங்கே பெட்ரோல் வந்தால் மட்டும் போதாது, என்ன அழுத்தத்தில் வருகிறது என்பதுதான் சங்கதி. அது கண்ணுக்குத் தெரியாது. கேஜ் வைத்தால்தான் தெரியும்.

நான் சொல்வது பழைய எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளை. மாருதி எஸ்டீம், ஜென், 800 ஆகியவற்றின் இன்ஜெக்ஷன் மாடல்கள், 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து வரத் தொடங்கிய ஹூண்டாய் சான்ட்ரோ போன்றவை. மாருதி 800 தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. ஆனால் வண்டிகள் நிற்கவில்லை. கைமாறிக் கைமாறி இன்றும் ஓடுகின்றன. ரிப்பேருக்கு வருவது ரோட்டோர ஷெட்டுக்குத்தான். நம்மில் பலர் டிப்ளமோ முடித்துக் கை நனைக்கப் போகும் இடமும் அதுதான். கம்பெனி சர்வீஸ் ஸ்டேஷனில் பெட்டியோடு டெஸ்டர் இருக்கும். ஷெட்டில் இருக்காது. ஸ்கேனர் இருந்தாலும் இதற்கு உதவாது, ஏனென்றால் இந்த வண்டிகளின் ஃப்யூவல் ரெயிலில் அழுத்தத்தை அளக்கும் சென்சார் கிடையாது. இ.சி.எம். அழுத்தத்தை அளப்பதில்லை. சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு, இன்ஜெக்டரை எத்தனை மில்லி செகண்ட் திறப்பது என்று கணக்குப் போடுகிறது. அவ்வளவுதான்.

அந்த நம்பிக்கை பொய்த்தால் என்ன ஆகும்? என் அப்பா காட்டு வேலைக்குப் போகிறவர். முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு மருந்து அடிப்பார். ஒரு கை பம்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கை தளர்ந்தால், நாசில் முனையில் புகை மாதிரி வர வேண்டிய மருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகும். இன்ஜெக்டரைப் பற்றி வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் முடிக்கும் முன்பே "நம்ம மருந்து டேங்க்கு மாதிரிதானப்பா?" என்று கேட்டுவிட்டார். அதேதான். அழுத்தம் குறைந்தால் அளவும் குறையும், தூவலும் கெடும்.

எவ்வளவு குறையும் என்பதை நாம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படித்ததை வைத்தே சொல்லலாம். துளை வழியே பாயும் அளவு, அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். 3 பார் இருக்க வேண்டிய இடத்தில் 2 பார்தான் இருக்கிறது என்றால், 2/3-ன் வர்க்கமூலம் 0.816. அதாவது பெட்ரோல் சுமார் 18 சதவீதம் குறைவு. ஆக்ஸிஜன் சென்சார் உள்ள வண்டி ஐடிலில் இதை ஓரளவு சரிக்கட்டிவிடும். மேட்டில் ஏறும்போது, ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது, சரிக்கட்ட ஆளில்லை. வண்டி ஜெர்க் அடிக்கும், பிக்கப் இருக்காது.

இனி கருவிக்கு வருவோம். அடிப்படை ரொம்ப எளிது. ஃபில்டருக்கும் ஃப்யூவல் ரெயிலுக்கும் நடுவே ஒரு டி-ஜாயிண்ட். அதன் மூன்றாவது காலில் ஒரு கேஜ். ஆனால் உள்ளே இருப்பது பெட்ரோல், பக்கத்தில் இருப்பது சூடான எக்ஸாஸ்ட். அதனால் ஒவ்வொரு சாமானையும் யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

கேஜ் 0 முதல் 7 கிலோ வரை காட்டுவது, இரண்டரை அங்குல டயல், கால் அங்குல பி.எஸ்.பி. மரை. கிளிசரின் ஊற்றியதாக இருந்தால் முள் நடுங்காது. ஹார்டுவேர் கடைகளில் 'வாட்டர் பம்பு கேஜ்' என்று கேட்டாலே கிடைக்கும். 20 கிலோ கேஜ் வாங்கிவிடாதீர்கள். நமக்கு வேண்டியது 2-க்கும் 4-க்கும் இடையில் உள்ள வித்தியாசம், பெரிய கேஜில் அது ஒரு முடி அகலம்தான் நகரும். கேஜில் கிலோ போட்டிருக்கும், புத்தகத்தில் பார் போட்டிருக்கும். 1 பார் என்பது 1.02 கிலோ, 14.5 பி.எஸ்.ஐ. நம் வேலைக்குக் கிலோவும் பாரும் ஒன்றே என்று வைத்துக்கொள்ளலாம்.

டி-ஜாயிண்ட்டை நாங்கள் காலேஜ் மெஷின் ஷாப்பிலேயே செய்தோம். அறுகோணப் பித்தளை ராடில் 6 மி.மீ. துளை நெடுக்காக, பக்கவாட்டில் ஒரு துளை போட்டு கால் அங்குல டேப். இரண்டு முனைகளிலும் ஹோஸ் கடித்துப் பிடிக்க மூன்று வளையங்கள் லேத்தில் திருப்பியது. ஒரே துண்டில் செய்ததால் ஒட்டுப்போட வேலையில்லை. எம்-சீல் வைத்து அடைத்த ஜாயிண்ட்டை எந்தக் காரணத்துக்காகவும் பெட்ரோல் லைனில் போடக்கூடாது. முடிந்ததும் பர் எல்லாம் எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, ஏர் அடிக்க வேண்டும். உள்ளே தங்கும் ஒரு பித்தளைத் துணுக்கு நேராக இன்ஜெக்டருக்குத்தான் போகும். டெஃப்லான் டேப்புக்கும் இதே பேச்சு: முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள், பிசிறு உள்ளே போகக் கூடாது.

காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஹோஸ். கார்பரேட்டர் ஹோஸ் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், ஆனால் இந்த அழுத்தத்துக்கு அதை நம்ப முடியாது. மேலே 'எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9' என்று அச்சடித்த இன்ஜெக்ஷன் ஹோஸையே கேட்டு வாங்குங்கள். இப்போது பங்க்குகளில் விற்கும் இ-20 பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் மட்டமான ரப்பர் சீக்கிரம் ஊறிப்போகும். பச்சைத் தோட்டக் குழாய், ஏர் ஹோஸ், ஏ.சி. கேஜ் ஹோஸ் மூன்றும் வேண்டாம். கிளாம்ப்பும் ஓரம் மழுங்கிய இன்ஜெக்ஷன் கிளாம்ப். பல்லுள்ள சாதாரண கிளிப் ரப்பரை வெட்டும்.

கேஜுக்குப் போகும் ஹோஸ் முக்கால் மீட்டர் இருக்கட்டும், பானெட்டுக்கு வெளியே தூக்கி வைத்துப் பார்க்க வசதி. கேஜுக்குக் கீழே ஒரு சிறிய நீடில் வால்வும், அதிலிருந்து ஒரு குழாயும் கட்டாயம். முதலில் காற்றை வெளியேற்றவும், வேலை முடிந்ததும் அழுத்தத்தை ஒரு தகர டப்பாவுக்குள் இறக்கவும் அதுதான் வழி. இதை விட்டுவிட்டுச் செய்த கருவியைக் கழற்றும்போது பெட்ரோல் முகத்தில் அடிக்கும்.

செய்தவுடன் வண்டியில் மாட்டக் கூடாது. முதலில் கேஜை மட்டும் நம் மெட்ராலஜி லேபில் உள்ள டெட் வெயிட் டெஸ்டரில் வைத்து 1, 2, 3, 4 கிலோவில் சரிபாருங்கள். பிறகு முழுக் கருவியையும் தண்ணீர் நிரப்பி, பிளம்பர்கள் பைப் சோதிக்கும் கைப்பம்பால் 6 கிலோ ஏற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். காற்று வேண்டாம், ஹோஸ் பிடுங்கினால் அழுத்திய காற்று சாட்டை மாதிரி அடிக்கும், தண்ணீர் சொட்டிவிட்டு நின்றுவிடும். பின்பு நன்றாகக் காயவிட வேண்டும்.

வண்டியில் மாட்டும் முறை. திறந்த வெளி, பிட் மேல் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், பள்ளத்தில் போய்த் தங்கும். பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பம்பு ரிலேயையோ ஃப்யூஸையோ பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் செய்தால், மிச்சப் பெட்ரோலில் கொஞ்சம் ஓடி இன்ஜின் தானாக நிற்கும். இன்னும் இரண்டு முறை செல்ஃப் அடியுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். அப்புறம்தான், துணி சுற்றிக்கொண்டு லைனைத் தொட வேண்டும். பாஞ்சோ போல்ட் உள்ள வண்டியில் செம்பு வாஷர் புதிதாகப் போட வேண்டும். டி-யை இணைத்து, ஃப்யூஸையும் பேட்டரியையும் மாட்டி, சாவியை மட்டும் திருப்பினால் பம்பு ஓரிரு விநாடி ஓடி நிற்கும். அந்த நேரத்தில் கசிவு இருக்கிறதா என்று கண்ணாலும் மூக்காலும் பார்த்த பிறகே ஸ்டார்ட்.

இப்போதுதான் கவனிக்க வேண்டிய இடம். சர்வீஸ் புத்தகத்தில் 3 பார் என்று இருக்கும். ஐடிலில் கேஜ் 2.5 காட்டும். "பம்பு வீக், மாத்திடு" என்று ஷெட்டில் குரல் வரும். அவசரப்படாதீர்கள். ரெகுலேட்டரின் தலையில் ஒரு வாக்வம் ஹோஸ் இருக்கிறதா பாருங்கள். ஐடிலில் மேனிஃபோல்டில் சுமார் 0.5 பார் வாக்வம் இருக்கும். இன்ஜெக்டரின் வால் பக்கம் 2.5, மூக்குப் பக்கம் மைனஸ் 0.5, வேறுபாடு 3. இன்ஜெக்டருக்கு வேண்டியது இந்த வேறுபாடுதான், ரெகுலேட்டர் காப்பாற்றுவதும் இதைத்தான். வாக்வம் ஹோஸைப் பிடுங்கி, விரலால் அடைத்துப் பிடியுங்கள். முள் 3-க்கு ஏறினால் பம்பும் ரெகுலேட்டரும் அந்த மட்டுக்கு நன்றாகவே இருக்கின்றன. ஏறவே இல்லையென்றால் ரெகுலேட்டர் மேல் சந்தேகம். பிடுங்கிய இடத்தில் பெட்ரோல் ஈரம் இருந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. கரும்புகைக்கும் மைலேஜ் குறைவுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

ஐடிலில் சரியாக இருப்பது பாதிதான். லோடில் பார்க்க வேண்டும். கேஜை முன் கண்ணாடிக்கு வெளியே வைப்பர் பக்கம் கட்டிவைத்து, ஆளில்லாத மைதானத்தில் ஓட்டிப் பாருங்கள். கேஜை வண்டிக்குள் கொண்டுவரவே கூடாது. லோடில் முள் இறங்கினால் ஃபில்டர் அடைப்பு, பம்பு தளர்ச்சி, இல்லாவிட்டால் பம்புக்குக் கரண்ட் போதவில்லை. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

போன வருடம் இன்-பிளான்ட் டிரெய்னிங்கில் நான் இருந்த ஒரு ஒர்க்ஷாப்பில் பழைய எஸ்டீம் டாக்ஸி ஒன்றுக்கு, கேஜ் எதுவும் வைக்காமலே பம்பு மாற்றினார்கள். டிரைவர் அண்ணன் இரண்டு தவணையாகப் பணம் கட்டினார். மேட்டில் ஜெர்க் போகவில்லை. இந்தக் கருவி தயாரானதும் அவரைக் கூப்பிட்டு மாட்டிப் பார்த்தோம். வாக்வம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டே ஓட்டினோம்: நிற்கும்போது 2.9, மேட்டில் 1.8. ஃபில்டர் புதுசு. பம்பு கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்தால் ஓட்டத்தில் 9.8 வோல்ட், பேட்டரியில் 13.9. மீதி நான்கு வோல்ட் டிக்கிக்குள் துருப்பிடித்த ஒரு எர்த் போல்ட்டில் போய்க்கொண்டிருந்தது. எமரி தேய்த்து முறுக்கினோம். மேட்டிலும் முள் 2.8-க்குக் கீழே வரவில்லை. பழைய பம்பு நல்ல பம்பாகவே இருந்திருக்கலாம். அது காயலாங்கடைக்குப் போய்விட்டது. "இந்தக் கேஜு எவ்வளவு தம்பி ஆச்சு?" என்று கேட்டார் அவர். நான்கு பேர் பங்கு போட்டதில் தலைக்கு இருநூற்றுச் சொச்சம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாக இன்ஜினை நிறுத்திவிட்டு முள்ளைப் பாருங்கள். மெதுவாக இறங்கலாம். நிறுத்திய கையோடு பூஜ்யத்துக்கு விழுந்தால், பம்பின் செக் வால்வோ, ரெகுலேட்டரோ, சொட்டும் இன்ஜெக்டரோ காரணம். சூட்டில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் வண்டிகளில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கருவி எல்லா வண்டிக்கும் ஆகாது. ரெகுலேட்டர் டேங்க்குக்குள்ளேயே இருக்கும் ரிட்டர்ன் லைன் இல்லாத வண்டிகளில் வாக்வம் சோதனை கிடையாது, மற்றவை பொருந்தும். பாஷ் மோனோ-ஜெட்ரானிக்கில் அழுத்தமே ஏறத்தாழ 1 பார்தான், அங்கே 2.5-ஐ எதிர்பார்க்காதீர்கள். காமன் ரெயில் டீசலும், நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோலும் முற்றிலும் வேறு. அவற்றின் ஹை பிரஷர் பக்கம் நூற்றுக்கணக்கான பார், டீசலில் ஆயிரத்துக்கும் மேல். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். நம் ரப்பர் ஹோஸ் அந்தப் பக்கமே போகக் கூடாது.

கருவி இப்போது ஆட்டோ லேப் பீரோவில், இரண்டாவது தட்டில் இருக்கிறது. லேப் அசிஸ்டெண்ட் அண்ணனிடம் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். திருப்பி வைக்கும்போது பெட்ரோலை வடித்துக் காயவைத்து, இரண்டு முனைகளிலும் மூடி போடுங்கள். ஹோஸில் வாங்கிய தேதியைப் பெயிண்ட்டில் எழுதியிருக்கிறோம். ஒரு வருடம் ஆனதும் வெடிப்பு தெரிகிறதோ இல்லையோ மாற்றிவிட வேண்டும். பித்தளை ராடில் இன்னும் இரண்டு டி செய்யும் அளவுக்குத் துண்டு மிச்சம் இருக்கிறது. ஜூனியர்கள் யாருக்காவது வேண்டுமானால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.