கப்பலை இழக்கக் கற்றுத்தரும் பள்ளி

ரயில்வேயில் 38 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற நான் இப்போது விண்வெளிக் கப்பல் ஓட்டப் பழகி வருகிறேன் என்று சொன்னால், சங்கத்து நண்பர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் சிரிப்பதில் தவறில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தில் நான் கண்டுகொண்ட ஒரு விஷயம், பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கும் தொழில் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

ஓரிரவு, புனேயில் வேலை பார்க்கும் என் இளைய மகன் விடுப்பில் வந்திருந்தபோது, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தான். சாப்பிடக் கூப்பிட்டேன். "அப்பா, கிளாஸ் நடக்குது. பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்றான். எட்டிப் பார்த்தால் திரையில் நட்சத்திரங்கள்! விளையாட்டுக்கு என்ன கிளாஸ் என்று எனக்கு வியப்பு. அன்று பிடித்துக்கொண்ட ஆர்வம்தான் இது.

எப்படிப்பட்ட விளையாட்டு?

இதன் பெயர் ஈவ் ஆன்லைன். ஐஸ்லாந்தின் ரேக்யவிக் நகரில் உள்ள சிசிபி என்ற நிறுவனம் 2003-ம் ஆண்டு மே மாதம் வெளியிட்டது. நியூ ஈடன் என்ற கற்பனை விண்வெளியில் 7,000-க்கும் அதிகமான நட்சத்திர மண்டலங்கள் உள்ளன. ஆடுகிறவர் ஒவ்வொருவரும் ஒரு விமானி. கனிமம் வெட்டலாம், வியாபாரம் செய்யலாம், கப்பல் கட்டலாம், கொள்ளையும் அடிக்கலாம். சீனாவுக்கு மட்டும் தனி ஏற்பாடு. மற்ற நாட்டினர் அனைவரும் ஒரே உலகத்தில்தான் உலாவுகிறார்கள்.

மற்ற பல விளையாட்டுகளில் தோற்றால் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். இங்கே கப்பல் வெடித்தால் வெடித்ததுதான். இன்ஷூரன்ஸ் உண்டு. ஆனால் அது கப்பலின் உடலுக்கு மட்டுமே. பொருத்திய கருவிகளுக்குக் கிடையாது. மாதக்கணக்கில் சேர்த்த செல்வம் ஒரு நிமிடத்தில் போய்விடும். பாதுகாப்பான மண்டலங்களில் கான்கார்ட் என்ற காவல் படை இருக்கிறது. அதுவும் தாக்கியவனைப் பிறகு வந்து தண்டிக்குமே தவிர, உங்கள் கப்பலைக் காப்பாற்றித் தரும் என்று நம்ப முடியாது.

இதில் திறமைகள் கடிகார நேரத்தில் வளர்கின்றன. ஒரு பயிற்சியைத் தொடங்கிவிட்டு நாம் தூங்கினாலும் அது நடந்துகொண்டிருக்கும். பெரிய திறமைகளுக்கு வாரங்கள் பிடிக்கும். 2016 முதல் திறமைப் புள்ளிகளை விலைக்கும் வாங்கலாம். ஆனால் பெரிய கப்பலை ஓட்டும் தகுதி வேறு, அதை ஓட்டத் தெரிவது வேறு. டிப்ளமோ கையில் வந்த மறுநாளே எனக்கு ஒரு கூட்ஸ் வண்டியைப் பரிசோதித்து பிரேக் பவர் சர்டிபிகேட் எழுதத் தெரிந்ததா என்ன?

பாடங்கள்

எனவே புதியவர்களுக்குப் பழகியவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். விமானிகள் சேர்ந்து அமைக்கும் குழுவுக்குக் கார்ப்பரேஷன் என்று பெயர். கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒன்றும் உண்டு. அது 2004-ல் தொடங்கிய ஈவ் யுனிவர்சிட்டி. பாடம் நடத்துகிறவர்கள் எல்லோரும் விளையாட வந்தவர்களே, சம்பளம் கிடையாது. மற்றும் பல குழுக்களிலும் இத்தகைய வகுப்புகள் நடக்கின்றன. அப்படி ஒன்றில்தான் என் மகன் என்னைச் சேர்த்துவிட்டான்.

முதல் பாடம் சுடுவது அல்ல, பார்ப்பது. சுற்றிலும் உள்ள கப்பல்கள், வாயில்கள் எல்லாம் திரையில் ஒரு பட்டியலாக வரும். அதற்கு ஓவர்வியூ என்று பெயர். அதைச் சரியாக அமைக்காவிட்டால் நண்பனையே சுட்டுவிடுவோம். எங்கள் ரயில்வேயில் ஒரு டிரைவர் புதிய பாதையில் தனியாக வண்டி ஓட்டுமுன் 'ரோடு லேர்னிங்' போக வேண்டும். வழக்கமாக மூன்று நடை, அதில் ஒன்று இரவில். எந்த வளைவுக்குப் பின்னால் எந்த சிக்னல் மறைந்திருக்கிறது என்பதைக் கண் முதலில் பழக வேண்டும். இரண்டும் ஒன்றுதான்.

இரண்டாவது பாடம் காது. படையாகப் போகும்போது தலைவர் ஒருவர் குரலில் கட்டளை இடுவார். வாயிலைத் தாண்டும் கட்டளை 'ஜம்ப்'. தாண்டக் கூடாது என்றால் அனுபவமுள்ள தலைவர் 'டோன்ட் ஜம்ப்' என்று சொல்லமாட்டார். முன்பாதி காதில் விழாமல் போனால் கூட்டம் முழுவதும் தாண்டிவிடும் அல்லவா? அதனால் 'ஹோல்ட்' என்பார். இன்ஜினில் டிரைவரும் அசிஸ்டென்டும் சிக்னலைப் பார்த்து ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வதும் இதே ஜாக்கிரதைக்காகத்தான்.

மூன்றாவது பாடம்தான் முக்கியமானது. இழந்தால் தாங்க முடியாத கப்பலில் ஏறாதே என்பது இந்த உலகின் பொன்விதி. புதியவனுக்கு விலை மலிவான ஃபிரிகேட் என்ற சிறு கப்பலைக் கொடுக்கிறார்கள். வேகமாகப் பாய்ந்து, எதிரியின் பெரிய கப்பல் தப்பி ஓடாதபடி பிடித்து வைப்பது அவன் வேலை. இதற்கு டாக்கிள் என்று பெயர். பிடிக்கிறவன் பெரும்பாலும் அழிவான். ஆனாலும் அவன் பிடித்துவைத்த அந்தச் சில நொடிகளில்தான் மற்றவர்கள் வந்து சேர முடியும். சேர்ந்து சில நாளே ஆனவனும் படைக்குப் பயன்படுகிறான். கப்பல் போனாலும் விமானி ஒரு சிறு கூட்டில் மிதப்பான். அந்தக் கூட்டை உடனே வேறிடத்துக்கு ஓட்டித் தப்புவதற்கும் பயிற்சி உண்டு. ஆக, எப்படி இழப்பது என்பதையே முறையாகச் சொல்லித்தருகிறார்கள்.

என் முதல் இழப்பு

என் முதல் கப்பல் நாற்பது நொடிகூட நிற்கவில்லை. எதிரியைச் சுற்றி வட்டமிட்டுக்கொண்டே நெருங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் பதற்றத்தில் நேர்கோட்டில் அவன் பீரங்கிக்கு எதிராகவே பாய்ந்தேன். வெடித்தது. பயிற்றுநரிடம் வசவு வாங்கத் தயாராக இருந்தேன்.

இந்த விளையாட்டில் ஒரு கப்பல் அழிந்தால் உடனே ஓர் அறிக்கை தானாகவே உருவாகும். எந்த மண்டலம், எந்த நேரம், என்னென்ன கருவி பொருத்தியிருந்தது, யார் சுட்டார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். ஆடுகிறவர்கள் அவற்றைப் பொதுவில் வைக்கிறார்கள். ஆகவே யாரும் தம் இழப்பை எளிதில் மறைக்க முடியாது. பயிற்றுநர் என் அறிக்கையை எடுத்து, அடுத்த வகுப்பில் பாடமாக நடத்தினார். வாடிக்கையாக எல்லோருக்கும் நடப்பதுதான் என்றார். தம்முடைய பழைய இழப்புகள் இரண்டையும் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை.

பெரியவர்களும் தவறுகிறார்கள். 2013 ஜனவரியில் அசாக்காய் என்ற மண்டலத்தில், டைட்டன் என்ற ராட்சதக் கப்பலை ஓட்டிய ஓர் அனுபவசாலி, தன் படையை அனுப்பப் பாலம் திறப்பதற்குப் பதில் பக்கத்துக் கட்டளையை அழுத்தித் தானே எதிரிகள் நடுவில் போய்க் குதித்துவிட்டார். அவரை மீட்க ஒரு கூட்டம், அழிக்க ஒரு கூட்டம் என்று இரண்டாயிரம் பேருக்கு மேல் அந்தச் சண்டையில் கலந்துகொண்டார்கள். ஒரே ஒரு தவறான கிளிக்!

யார்டில் நடந்தது

அந்த வகுப்பு முடிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1990-களில் மத்திய இந்தியாவில் ஒரு யார்டில் நான் டிரெயின் எக்ஸாமினராக இருந்தேன். என்னிடம் பழக வந்த பையன் ஒருவன் ஒருநாள் அளவுக் கருவி ஒன்றை உடைத்துவிட்டான். பத்துப் பேர் முன்னிலையில் அவனைக் கிழித்துவிட்டேன். அப்படிச் செய்தால்தான் பொறுப்பு வரும் என்று நினைத்த காலம் அது. என் மேலதிகாரிகளிடம் நானும் அப்படித்தான் பழகியவன்.

இரண்டு வாரம் கழித்து அவன் ஒரு வேகனில் பிரேக் கியரின் பின்னைப் போட்டுவிட்டு, அது நழுவாமல் காக்கும் ஸ்பிளிட் பின்னை மறந்துவிட்டான். வண்டி புறப்பட்ட பிறகு நினைவு வந்திருக்கிறது. என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கன்ட்ரோலுக்குப் போன் செய்து அடுத்த ஸ்டேஷனிலேயே நிறுத்திச் சரிசெய்திருக்கலாம். அவன் சொல்லவில்லை. நெடுந்தூரம் போன பிறகு, வேறொரு யார்டில் பாதி நழுவிய நிலையில் கண்டுபிடித்தார்கள். கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை.

விசாரணையில் அவன் சொன்னது இவ்வளவுதான்: "சாருக்குப் பயந்து சொல்லலை." தண்டனை அவனுக்குக் கிடைத்தது. ஸ்பிளிட் பின்னை மறந்தது அவன். அவன் வாயை அடைத்தது நான். அதை அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

ரயிலில் மலிவான கப்பல் கிடையாது என்பது உண்மை. அங்கே இழப்பது உயிர். அதனால்தான், தவறியவன் தவறிய நிமிடத்திலேயே ஓடிவந்து சொல்லும்படி வைத்துக்கொள்வது அங்கே இன்னும் அவசியம். கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதியை மீறுகிறவனைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் பிழையை ஒப்புக்கொண்டு வருகிறவனுக்கு முதலில் காது கொடுக்க வேண்டும், கோபம் பிறகு.

நம் வீட்டுப் பிள்ளைகள் குறைந்த மதிப்பெண் பட்டியலை ஒளித்துவைத்தால், அதில் நம் பங்கு எவ்வளவு என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

நான் இதுவரை பதினொரு கப்பல்களை இழந்திருக்கிறேன். பன்னிரண்டாவதில் வட்டமிட வந்துவிட்டது. அடுத்த மாதம் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஓவர்வியூ பாடத்தில் உதவி செய்ய என்னைக் கேட்டிருக்கிறார்கள். என் இழப்பு அறிக்கைகள் பதினொன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். முதல் வகுப்பில் அவற்றைத்தான் காட்டப் போகிறேன்.