பகலிற் பணி, இரவில் நாடகம்

ஒரு நாடகம் மேடையேறி முடிந்ததும் மக்கள் நினைவில் நிற்பவை பெரும்பாலும் இரண்டு பெயர்களே. ஒன்று நாடகாசிரியரின் பெயர். மற்றது தலைமைப் பாத்திரம் தாங்கியவரின் பெயர். உடை தைத்தவரையும், காட்சித்திரை தீட்டியவரையும், உரை மறந்த நடிகருக்கு மறைவில் நின்று அடியெடுத்துக் கொடுத்தவரையும் உலகம் விரைவில் மறந்துவிடுகின்றது. ஆயினும், அயர்லாந்தின் தேசிய நாடக அரங்கை எழுப்பியவர்கள் இத்தகையோரே. நாடகத்தைத் தொழிலாகக் கொள்ளாத இவர்கள், பகலெல்லாம் பிறர்க்குப் பணிசெய்து, மாலை வேளையிற் கலை வளர்த்தவர்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டப்ளின் நகரிலே நாடகக் கொட்டகைகளுக்குக் குறைவில்லை. ஆனால், அவற்றில் ஆடப்பெற்றவை பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்த குழுக்களின் நாடகங்களே. இக்குறையைப் போக்க விரும்பிய கவிஞர் யேற்ஸ், கிரெகரி சீமாட்டி, எட்வேட் மார்ட்டின் ஆகியோர் 1899ஆம் ஆண்டில் ஐரிஷ் இலக்கிய அரங்கு என்னும் அமைப்பைத் தொடங்கினர். நாடகங்கள் ஐரிஷ் நாடகங்களாகவே இருந்தன, நடிகர்களோ ஆங்கிலேயர். அயர்லாந்தின் பழங்கதை மாந்தரது பெயர்கள்கூட அவர்கள் நாவில் இயல்பாக வரவில்லை. நாட்டின் கதையை அந்நாட்டு மக்களின் குரலில் யார் சொல்வது என்னும் வினா அங்கே எழுந்தது.

அவ்வினாவுக்கு விடையாக அமைந்தோர் ஃபிராங் ஃபே, வில்லியம் ஃபே என்னும் சகோதரர் இருவர். மூத்தவரான ஃபிராங் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். பேச்சுக்கலையிற் பெரும் பற்றுடைய அவர், பத்திரிகையில் நாடக விமரிசனமும் எழுதிவந்தார். இளையவரான வில்லியம் மின்சார வேலை செய்து பிழைத்தவர். இளமையிற் சிறு நாடகக் குழுக்களோடு ஊர் ஊராக அலைந்து, மேடையின் மூலைமுடுக்கெல்லாம் கற்றறிந்தவர். பாரிஸ் நகரிலே எரிவாயு நிறுவன எழுதுவினைஞராகிய அந்துவான் என்பார் 1887இல் தம் போன்ற உழைப்பாளரைக் கொண்டு ‘சுதந்திர அரங்கு’ நிறுவிய செய்தி இச்சகோதரருக்கு ஊக்கமளித்தது. பாரிஸில் இயன்றது டப்ளினில் ஏன் இயலாது என அவர்கள் எண்ணினர்.

1902ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம், 3ஆம், 4ஆம் திகதிகளில், கிளாரன்டன் வீதியில் மதுவிலக்குச் சங்கமொன்றுக்கு உரிய புனித தெரேசா மண்டபத்தில் அவர்களது குழு இரண்டு நாடகங்களை மேடையேற்றியது. ஒன்று ‘டீர்ட்ரா’ என்னும் பழங்கதை நாடகம். மற்றது ‘கத்தலீன் நி ஹூலிஹன்’. 1798ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக் காலத்தில், மணநாளை எதிர்நோக்கியிருக்கும் இளைஞன் ஒருவனின் வீட்டுக்குக் கிழவி ஒருத்தி வருகின்றாள். தன் நிலங்களை அந்நியர் பறித்துக்கொண்டதாக அவள் முறையிடுகின்றாள். அவள் அயர்லாந்து அன்னையே. அவளது அழைப்பைக் கேட்ட இளைஞன் மணப்பெண்ணை விட்டுப் போருக்குப் புறப்படுகின்றான்.

இம்மேடையேற்றத்திற்குப் பொருளுதவியும் ஆளுதவியும் அளித்தது ‘அயர்லாந்தின் புதல்வியர்’ என்னும் பெண்கள் சங்கம். 1900இல் மோட் கொன் அம்மையார் நிறுவிய இச்சங்கம், ஏழைச் சிறுவர்க்கு வரலாறும் தாய்மொழியும் கற்பித்து வந்தது. அச்சங்கப் பெண்களே உடைகளைத் தைத்தனர். ‘டீர்ட்ரா’வை எழுதிய ஜோர்ஜ் றசல் உடைகளின் வடிவங்களைத் தாமே வரைந்ததோடு, அதில் ஒரு பாத்திரமும் ஏற்றார். பழங்காலத்தின் மங்கிய தோற்றத்தை உண்டாக்கும் பொருட்டு மேடையின் முன்னே மெல்லிய வலைத்துணி ஒன்று தொங்கவிடப்பட்டது. கவிஞரும் ஓவியருமாகிய றசல், விவசாயிகளிடையே கூட்டுறவு இயக்கத்தைப் பரப்புவதைத் தம் தொழிலாகக் கொண்டவர்.

கிழவியாக நடித்தவர் மோட் கொன். அவரது நடிப்புக் கண்டோரை உலுக்கியது. ஆயினும், நாடகம் தொடங்குமுன் அவர் வேடத்துடன் பார்வையாளர் நடுவே நடந்து வந்தது ஃபிராங் ஃபேக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. ஊதியம் பெறாத கலைஞருக்கும் ஒழுங்கு வேண்டும் என்பதில் அச்சகோதரர் உறுதியாயிருந்தனர்.

அந்நாடகத்தின் ஆசிரியர் யேற்ஸ் என்றே அன்று அறிவிக்கப்பட்டது. ஆனால், அதன் உரையாடலிற் பெரும்பகுதி கிரெகரி சீமாட்டியின் கைவண்ணம் என்பதை ஆய்வாளர் பிற்காலத்தில் எடுத்துக்காட்டியுள்ளனர். நாட்டுப்புற மக்களின் பேச்சை நேரிற் கேட்டுப் பழகியவர் அவரே. திரைக்குப் பின்னால் நின்றோர் வரிசையில் எழுத்தாளர் ஒருவரும் இருந்தார் என்பது எண்ணத்தக்கது.

இக்குழுவினரின் நடிப்பு முறையும் புதுமையானது. அக்காலத் தொழில்முறை நடிகர்கள் மேடையில் இடையறாது அசைந்து, கையை வீசி, ஒருவர் கவனத்தை மற்றவர் பறிப்பர். ஃபே சகோதரரோ, பேசுபவர் மட்டுமே அசையலாம், ஏனையோர் அமைதியாக நின்று செவிமடுக்க வேண்டும் என்று பழக்கினர். இதனாற் சொல்லுக்கு முதன்மை கிடைத்தது. எவரும் தனித்து மின்னாமல் அனைவரும் சேர்ந்தே நாடகத்தைத் தாங்கினர்.

1902இன் பிற்பகுதியில் இக்குழு கம்டன் வீதியிற் கடைகளுக்குப் பின்னாலிருந்த ஒரு சிறு மண்டபத்தை வாடகைக்கு எடுத்தது. கூரை ஒழுகியது, குளிர்காற்று புகுந்தது, மேடையோ மிகச் சிறிது. ஆயினும், பகல் வேலை முடிந்ததும் அவர்கள் அங்கே ஒத்திகைக்குக் கூடினர். 1903ஆம் ஆண்டு மே 2ஆம் திகதி, சனிக்கிழமை, லண்டனில் ஐந்து சிறு நாடகங்களைப் பிற்பகலும் இரவுமாக ஆடிக்காட்டினர். வேலையை விட்டுச் செல்ல இயலாமையால், வெள்ளி இரவு புறப்பட்டு, திங்கட்கிழமை பணிக்குத் திரும்ப வேண்டியவர்களாய் அவர்கள் சென்றனர். ‘ரைம்ஸ்’ பத்திரிகையின் விமரிசகர் வோக்லி அவர்களை வியந்து பாராட்டினார்.

அப்பாராட்டுக்குப் பின்னர் செல்வம் வந்தது. செல்வத்தோடு சிக்கலும் வந்தது. தேயிலை வணிகத்தாற் பொருள் ஈட்டிய குடும்பத்தைச் சேர்ந்த ஆனி ஹோர்ணிமன் என்னும் ஆங்கிலப் பெருமாட்டி, குழுவினர்க்கு ஓர் அரங்கு அமைத்துக் கொடுத்தார். 562 இருக்கைகள் கொண்ட அபே அரங்கு 1904ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் திகதி திறக்கப்பட்டது. அதுவரை எந்த நாடகத்தை மேடையேற்றுவது என்பதைக் குழுவின் உறுப்பினர் வாக்களித்தே தீர்மானித்தனர். கவிஞருக்கும் எழுதுவினைஞருக்கும் ஒரே வாக்கு. 1905இல் நடிகர்க்கு ஊதியம் வழங்க ஏற்பாடாயிற்று. சங்கம் வரையறுத்த கம்பனியாக மாறியது. அதிகாரம் யேற்ஸ், கிரெகரி, சிங் ஆகிய மூன்று நெறியாளர் கையிற் சேர்ந்தது.

ஊதியம் தீமையன்று. வயிற்றுக் கவலையின்றிக் கலையில் முழுநேரமும் ஈடுபடவும், நெடுந்தூரப் பயணம் மேற்கொள்ளவும் அது வழிசெய்தது. ஆயினும், தாம் கட்டியெழுப்பிய மன்றத்தில் தாமே கூலியாட்களாவதைச் சிலர் ஏற்கவில்லை. தொடக்க முதல் நடித்துவந்த மோய்ரா நிக் ஹூலி முதலானோர் பிரிந்து சென்று, 1906இல் வேறொரு குழுவை அமைத்தனர். எஞ்சியிருந்த ஃபே சகோதரரும் நெறியாளரோடு முரண்பட்டு 1908இல் விலகினர். எவரது உழைப்பில் அரங்கு எழுந்ததோ அவர்களே அதில் இல்லாதுபோயினர்.

எனினும், அவர்கள் விதைத்தது வீண்போகவில்லை. 1925இல் அயர்லாந்து அரசு அபே அரங்குக்கு ஆண்டுதோறும் மானியம் வழங்கத் தொடங்கியது. ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் அரசின் நிலையான மானியம் பெற்ற முதல் அரங்கு அதுவே. 1916ஆம் ஆண்டு எழுச்சியிற் பங்குகொண்ட அபே அரங்கினரின் பெயர்கள் அங்கே ஒரு நினைவுப் பலகையிற் பொறிக்கப்பட்டுள்ளன. அதில் மோய்ரா நிக் ஹூலியின் பெயர் உண்டு. போரில் உயிர் நீத்த நடிகர் ஷோன் கொனலியின் பெயர் உண்டு. அவற்றோடு, இருக்கை காட்டிய எலன் புஷெல், மறைவில் நின்று அடியெடுத்துக் கொடுத்த பார்னி மேர்பி, மேடைப் பொருள்களைக் கவனித்த பீடர் கேர்ணி ஆகியோரின் பெயர்களும் உண்டு. இக்கேர்ணி, வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலாளி. அயர்லாந்தின் தேசிய கீதத்துக்குச் சொல் அமைத்தவரும் அவரே.

நடிகரும் ஏவலரும் ஒரே பலகையில் ஒரே வரிசையில் நிற்கின்றனர். கம்டன் வீதியின் ஒழுகும் கூரையின் கீழே அக்குழுவினர் கைக்கொண்ட சமத்துவத்துக்கு இதனினும் பொருத்தமான நினைவுச்சின்னம் வேறில்லை.